சாமி காசு

காலை ஐந்தேகால் மணி. கண் விழித்ததும் முதலில் பார்த்தது அம்மாவின் வாயில் இருந்த மஞ்சள் துணியை. சாமி படத்துக்குப் பின்னால் எப்போதும் இருக்கும் முடிச்சை அவள் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பாயில் இரண்டு வயதுத் தம்பி கிடந்தான். ஜுரம் ஏறி, கை கால் வெட்டி இழுத்து, அப்போதுதான் அடங்கியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. நான் அதிகம் பயந்தது முடிச்சைப் பார்த்துத்தான்.

அதில் இருந்தது சாமி காசு. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. நோய்நொடி வந்தால் வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். கோயிலுக்குப் போகும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். அம்மாவின் முடிச்சு மட்டும் கோயிலுக்குப் போனதே இல்லை. களையெடுக்கும் கூலியிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாள் வாராவாரம் அதற்குள் போகும். எந்தச் சாமிக்கு என்று கேட்டால் ஒருமுறை குலசாமிக்கு என்பாள், இன்னொரு முறை திருப்பதிக்கு என்பாள். இரண்டு சாமிகளும் கூட்டாகச் சேர்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதே வாரங்களில் மளிகைக் கடைக்குப் போய்க் கடன் சொல்லி அரிசி வாங்கி வருவதும் என் வேலைதான்.

அதற்கு முந்தைய மாதம் சித்தப்பா வந்திருந்தார். மலைமேல் புளி உலுக்கும் பருவம். விலை இறங்கியிருக்கும்போது வாங்கி மூட்டை கட்டிப் போட்டு, ஏறியதும் விற்பது அவர் திட்டம்.

“இன்னா அண்ணி, கடையில கடன், இங்க காசு தூங்கிக்கினு கெடக்குது. புளியில போட்டா ஒண்ணுக்கு ஒண்ணரையா வரும்.”

“அது சாமி காசு.”

“சாமி இன்னா, பஸ்ஸுக்கு டிக்கெட்டா எடுக்கப்போவுது?”

நான் சிரித்துவிட்டேன். அம்மா முறைத்தாள். சித்தப்பா அப்பாவிடம் திரும்பினார். “நீயாவது சொல்லுண்ணே.”

அன்று அப்பாவிடம் பீடி வாங்கவும் காசில்லை. “சாமி காசுல கை வெக்காதடா” என்றார். அவருக்கு இவ்வளவு பக்தியா என்று எனக்கு ஆச்சரியம். திருவிழாவில்கூட அவர் ராட்டினத்தைத் தாண்டிக் கோயிலுக்குள் போய் நான் பார்த்ததில்லை.

தம்பிக்கு இழுப்பு வந்த அந்தக் காலையில் ஆம்புலன்ஸ் மலைமேல் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. அப்பா ஓடிப்போய், குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்னச் சுமை வண்டி வைத்திருந்தவரை எழுப்பிக்கொண்டு வந்தார்.

“டீசல் சுத்தமா இல்லம்மா. எதனா இருந்தா குடு, பங்க்ல போட்டுக்கினு பறந்துடலாம்.”

அம்மா தாள்களை எண்ணாமல் கொடுத்தாள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அங்கே போய்ச் சேர்வது இலவசமில்லை.

வண்டியில் அம்மாவின் காதருகே சொன்னேன். “சாமி கோச்சுக்கும்மா.”

“கோச்சுக்காது. நீ தம்பி காலப் புடி.”

வெறுமையாகிவிட்ட மஞ்சள் துணியைத் தண்ணீரில் நனைத்து அவன் நெற்றியில் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பரபரப்பில் அந்தத் துணி எங்கேயோ போய்விட்டது. தம்பி பிழைத்துக்கொண்டான். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம்.

சித்தப்பா சொன்னதும் தவறில்லை. புளி விலை ஏறத்தான் செய்தது. ஆனால் அந்தக் காலையில் அவர் பணமெல்லாம் மூட்டைகளாக இருந்தது.

பின்னாளில் கல்லூரியில் பொருளாதாரம் படித்தேன். வட்டி தராத பணத்தை மனிதர்கள் ஏன் கையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு பாடம். அன்றாடச் செலவுக்கு, எதிர்பாராத தேவைக்கு, விலை ஏற்ற இறக்கத்தில் லாபம் பார்க்க என்று மூன்று காரணங்கள் இருந்தன. இரண்டாவதுக்குப் பக்கத்தில் அம்மா என்றும், மூன்றாவதுக்குப் பக்கத்தில் சித்தப்பா என்றும் எழுதினேன். கையில் இருப்பதைக் கேட்பவர்களிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று அந்தப் பாடத்தில் இல்லை. வேண்டுதலே இல்லாமல் ஒருத்தி சாமிக்கு முடிந்து வைப்பாள் என்பதும் இல்லை. அம்மாவுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனில் ஒரு பங்கு மளிகைக் கடைக்காரருக்கும் உண்டு. அவர் முகம் சுளிக்காமல் அரிசி தந்ததால்தான் முடிச்சு அவிழாமல் இருந்தது.

சாமி கோபித்துக்கொள்ளும் என்று, தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாரம் முழுவதும் காத்திருந்தேன். அதனால் அப்பாவைச் சரியாகக் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை கரும்பு வெட்டின கூலி வாங்கிக்கொண்டு வந்த அப்பா, அரை முழம் புது மஞ்சள் துணியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.