ஒரு லட்சம் பேர் பார்த்த லாட்ஜ்

பல் துலக்குவதற்கு முன்னால் 'அவன்' இன்றைக்கு என்ன மாற்றியிருக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும் ப்ளெஸ்ஸிக்கு. வாயில் பிரஷ் இருக்கும், அதில் பேஸ்ட் இருக்காது. இடது கையில் போன். நேற்றுவரை கீழே இருந்த பொத்தான் இன்று மேலே போயிருக்கும். கட்டைவிரல் பழைய இடத்தையே தட்டிக்கொண்டிருக்கும், புதுவீட்டு இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி. "மாத்திட்டான்," என்பாள் பிரஷ்ஷைக் கடித்தபடி. "மறுபடியும் மாத்திட்டான்ங்க."

'அவன்' என்றால் ஆள் இல்லை. எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது, எதை யார் கண்ணிலும் படாமல் புதைப்பது என்று எங்கோ இருந்துகொண்டு தீர்மானிக்கிற கணக்கு. இணைய வகுப்பில் அதை அல்காரிதம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ப்ளெஸ்ஸிக்கு அது அவன். "அவனுக்கு இப்போ போட்டோ புடிக்கல." "சாயங்காலம் ஆனா அவன் நல்ல மூட்ல இருப்பான்." அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் கணவன் நேசகுமார் கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுக் கொஞ்சம் கலங்கித்தான் போனான். இப்போது பழகிவிட்டது. "அவன ஒரு நாளு சாப்பாட்டுக்குக் கூட்டிகினு வாயேன், நானும் பேசிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸோடு காலை ரயிலுக்கு ஓடிவிடுவான்.

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செருப்புக்கடை மாடியில் இருக்கிறது ப்ளெஸ்ஸியின் அலுவலகம். ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, வீடியோ எடுக்க ஒரு வட்ட விளக்கு. மலைக்குப் போகும் சாலையில் ஒரு லாட்ஜ், அரக்கோணம் சாலையில் ஒரு டூவீலர் மெக்கானிக், அம்மையார்குப்பத்தில் சேலை நெய்து விற்கும் ஒரு குடும்பம், கனகம்மாசத்திரத்தில் ஒரு பூச்செடி நர்சரி. இவர்களை எல்லாம் இணையத்தில் உலகத்துக்குக் காட்டுவது அவள் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை தோறும் லாட்ஜின் இணையப் பக்கத்தில் வேல் படத்தோடு 'முருகன் அருளால் இனிய காலை' போடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நின்று பாடுவாள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கலெல்லாம் ஆயருடைய பிரசங்கத்தில்தான். "மொத மூணு செகண்ட்ல ஆள இழுக்கணும்ங்க. இவரு அரை மணி நேரம் வணக்கமே சொல்லிகினு இருக்காரு," என்று போன கிறிஸ்துமஸுக்கு நேசகுமாரின் காதில் சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

மாதத்துக்கு ஒரு சாவுச் செய்தி கொண்டுவருவாள். "போஸ்டர் செத்துடுச்சுங்க, இனிமே வீடியோதான்." அடுத்த மாதம், "ஹேஷ்டேக் செத்துடுச்சு." அதற்கடுத்து, "நீள வீடியோவும் போயிடுச்சு." லாட்ஜ் நடத்தும் கௌரியம்மாள் ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "ஏம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெளக்கேத்தற நேரத்துல இன்னாத்துக்கு எழவு சேதி சொல்லிகினு வர்ற?"

இறந்தவற்றை அடக்கம் செய்த கையோடு பிறந்தவற்றையும் படிக்க வேண்டும். யாரோ ஒருவர் எங்கிருந்தோ நேரலையில் வகுப்பு எடுப்பார். 'இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் பிழைக்க முடியாது' என்பார். ப்ளெஸ்ஸி உடனே சேர்ந்துவிடுவாள். அப்போதைக்குப் பார்க்க முடியாததை 'அப்புறம்' என்று பெயரிட்ட கோப்பில் போட்டுவைப்பாள். அந்தக் கோப்பு முருகன் மலையைவிட உயரமாகிவிட்டது, ஏறத்தான் ஆளில்லை. பார்க்க முடிந்ததை இரட்டை வேகத்தில், வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கேட்டுக் கேட்டு அவள் பேச்சும் அந்த வேகத்துக்கு வந்துவிட்டது. மாமியார் மார்த்தாள் போனில் பேசும்போது "கொஞ்சம் நின்னு பேசு கண்ணு, பின்னாடி வர முடியல" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சென்ற ஆவணி வந்தது.

ஆவணி முகூர்த்தம் என்றால் திருத்தணியில் மலைமேலும் கீழும் கல்யாணம். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று வேன் வேனாக வந்து இறங்குவார்கள். கௌரியம்மாள் அந்தக் கூட்டத்தை நம்பி லாட்ஜில் புதிதாக ஒரு மாடி எடுத்திருந்தார். ப்ளெஸ்ஸி அதற்கொரு வீடியோ செய்தாள். ஜன்னல் திரை விலகுகிறது, மலை தெரிகிறது, மணியோசை கேட்கிறது. 'அவன்' அன்று என்ன மனநிலையில் இருந்தானோ, வீடியோ ஒரு லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. ப்ளெஸ்ஸி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே லாட்ஜுக்குப் போய் எண்ணைக் காட்டினாள். கௌரியம்மாள் கண்ணாடி போட்டுப் பார்த்தார். மகிழ்ச்சிதான்.

முதல் முகூர்த்தத்துக்குப் பக்கத்து லாட்ஜில் வராந்தாவில்கூடப் பாய் விரித்துப் படுத்தார்கள். இங்கே புது மாடியில் மின்விசிறிதான் சுற்றியது.

"ஒரு லட்சம் பேரு பாத்தாங்கன்னியே ப்ளெஸ்ஸி," என்றார் கௌரியம்மாள் போனில். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அதுல ஒருத்தனாவது பொட்டியத் தூக்கிகினு வந்தானா? இந்த மாசம் பாக்கறேன். இல்லனா வேற ஆளு வெச்சிக்கறேன், மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

ப்ளெஸ்ஸிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கௌரியம்மாள் விலகினால் கனகம்மாசத்திரம் விலகும், அம்மையார்குப்பம் விலகும். செருப்புக்கடை மாடியில் வட்ட விளக்கு மட்டும் மிஞ்சும். என்ன புதிதாக வந்திருக்கிறது, எது தனக்குத் தெரியாமல் போயிற்று என்று தேடினாள். வீடியோவின் நிறத்தை மாற்றினாள். பாட்டை மாற்றினாள். இயந்திரக் குரலில் ஒரு அம்மாவைப் பேச வைத்தாள், அந்த அம்மா 'திருத்தணி'யை ஏதோ மருந்தின் பெயர் மாதிரி உச்சரித்தாள். இன்னொரு வகுப்பிலும் சேர்ந்தாள். நேசகுமார் இரவுச் சாப்பாட்டில், "வேற எதாவது காரணம் இருக்கப்போவுது, பொறுமையா பாரு," என்றான். "உங்களுக்குத் தெரியாதுங்க, அவன் என்னைய அமுக்கறான்," என்றாள் ப்ளெஸ்ஸி. கண்ணில் நீர் நின்றது.

அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மெக்கானிக் ஜலாலின் கடையில் வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. ஒத்துக்கொண்ட வேலை, போனாள். ஜலால் புதுச் சட்டை போட்டு, தாடியைச் சீவிக்கொண்டு, டயரைக் கையில் பிடித்தபடி நின்றார். "பாய், கேமராவைப் பாத்து 'உங்க வண்டிக்கு நாங்க கேரண்டி'ன்னு சொல்லுங்க." ஜலால் வாயைத் திறந்தார். போன் அடித்தது.

"ஆங்... ரூமா? ரூமெல்லாம் இல்லபா." வைத்துவிட்டார்.

இரண்டாம் முறை டயரைத் தூக்கினார். போன் அடித்தது. "இல்லீங்க... ஏசியும் இல்ல, நான்-ஏசியும் இல்ல."

மூன்றாம் முறை வந்தவர் விடமாட்டேன் என்றார் போலிருக்கிறது. "அம்மா, கல்யாணம்தான், நான் வாணான்னா சொல்றேன்? இங்க பஞ்சர்தான்மா கீது!"

ப்ளெஸ்ஸி போனைத் தாழ்த்தினாள். "யாரு பாய் அது?"

"யாருன்னு எனக்கு இன்னா தெரியும்? ஒரு மாசமா வந்துகினே கீது. நீதானேமா சொன்ன, மார்க்கெட்டிங் பண்ணா போன் வரும்னு. வருது. எல்லாரும் ரூமுதான் கேக்கறாங்கோ. பஞ்சர்னு ஒருத்தன் வாயத் தொறக்கல."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா பாய்?"

"மொதல்ல இப்டித்தான் இருக்கும்போல, போவப்போவ பஞ்சருக்கு வருவாங்கோன்னு நெனச்சேன்."

ப்ளெஸ்ஸி பக்கத்திலிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். போனில், வரைபடத்தில் இருந்த லாட்ஜின் பக்கத்தைத் திறந்தாள். பெயர் சரி. படம் சரி. நட்சத்திரங்கள் சரி. தொலைபேசி எண், ஜலாலுடையது. போன மாதம் வரைபடக்காரர்கள் அந்தப் பக்கங்களின் அமைப்பை மாற்றியபோது எல்லோருடைய விவரங்களையும் ஒரே மூச்சில் புதிதாக ஏற்றினாள். காதில் வகுப்பு இரட்டை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒன்றும் அமுக்கவில்லை. ஒரு லட்சம் பேரையும் கைப்பிடித்துக் கூட்டிவந்து பஞ்சர் கடையில் விட்டது அவள்தான்.

எண்ணைத் திருத்தினாள். 'உங்கள் திருத்தம் பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. முகூர்த்தம் நாளைக்கு.

"பாய், இனிமே ரூம் கேட்டா லாட்ஜு நம்பரச் சொல்லி விடறீங்களா?"

"அதுக்கின்னா, சொல்றேன். ஏசி கீதான்னா இன்னா சொல்ல?"

"இருக்குன்னு சொல்லுங்க."

லாட்ஜுக்குப் போகும் வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். 'தொழில்நுட்பக் கோளாறு' நன்றாகத்தான் இருந்தது. படி ஏறி, கௌரியம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். "என் தப்பும்மா. உங்க நம்பருக்குப் பதிலா ஜலால் பாய் நம்பரப் போட்டுட்டேன்."

கௌரியம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்போ ஒரு மாசமா பஞ்சர் கடைக்காரருதான் என் லாட்ஜுக்கு மேனேஜரா?"

"ஆமாம்மா."

"இன்னா சொன்னாரு வர்றவங்ககிட்ட?"

"ரூம் இல்லன்னு."

"பின்ன அவரு பொய்யா சொல்வாரு?" கௌரியம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறினாள் ப்ளெஸ்ஸி. சிரிப்பு. சிரித்து முடித்ததும் முகம் இறுகியது. "புது மாடி காத்தாடுது. உக்காரு இங்க. போன் வந்தா நீயே எடு. நான் மேல போய்ப் படுக்கை எல்லாம் போட வெக்கறேன்."

ப்ளெஸ்ஸி வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அந்த லாட்ஜில் தங்க வந்த ஒருவரிடம்கூட அவள் பேசியதில்லை. ஜலால் அனுப்பிய அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. யாரும் ஜன்னலில் மலை தெரியுமா என்று கேட்கவில்லை. விடியற்காலையில் வெந்நீர் வருமா? மாமியாருக்கு முட்டி வலி, கீழ் அறை கிடைக்குமா? வேனை நிறுத்த இடம் இருக்கா? "இருங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மெதுவாகச் சொன்னாள், எதிர்முனையில் வயதானவர்களாக இருந்தார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் காளஹஸ்தியிலிருந்து பெண் வீட்டார் பேசினார்கள். அரை மணி நேரத்துக்கு முன் அறை கேட்டவர்கள்தான். வேன் ஊருக்குள் வந்துவிட்டது, வழி தெரியவில்லை. வரைபடம் ஒரு முட்டுச்சந்தைக் காட்டுகிறதாம். "எக்கட உந்தம்மா மீ லாட்ஜ்?" என்று லாட்ஜ் இருக்கும் இடத்தைக் கேட்டு ஒரு பெரியவர் தெலுங்கில் கத்தினார். பின்னால் நாதஸ்வரக்காரர் யாரோ ஊதிப் பார்க்கும் சத்தம். பக்கத்து லாட்ஜ் ஆட்கள் சாலையில் நின்று வருகிற வண்டியையெல்லாம் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ரண்டி, ரண்டி, நேரா ரண்டி" என்று, தெரிந்த தெலுங்கை எல்லாம் சேர்த்து 'வாங்க, வாங்க' என்பதையே சொல்லிக்கொண்டு ப்ளெஸ்ஸி எழுந்தாள். மேசைமேல் மடித்திருந்த லாட்ஜ் துண்டு ஒன்றை உருவினாள். வாசல்படி இறங்கி, மொட்டைத் தலைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே புகுந்து, சாலையின் நட்டநடுவில் போய் நின்றாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, துண்டைத் தலைக்குமேல் சுழற்றத் தொடங்கினாள்.