ரூமில் மிஞ்சிய மருந்து

எண்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாசம், ஏற்காட்டில் நடந்தது இது. அப்போது நான் ஏரிக்குக் கொஞ்சம் மேலே இருந்த ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் பண்ணும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மஞ்சக்குட்டைப் பக்கம். காலையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய் ஏற்காட்டு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்குவேன், சாயந்திரம் அப்படியே திரும்புவேன்.

மே மாச சீசனில் கீழேயிருந்து வருகிற குடும்பங்கள் எங்கள் குளிரைப் பார்த்ததும் முதலில் வாங்குவது ஸ்வெட்டர், அடுத்து வாங்குவது சளி மருந்து. கிளம்பும்போது ஸ்வெட்டரைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொள்வார்கள். மருந்தை ஜன்னல் ஓரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மூடிதான் குடித்திருப்பார்கள், மிச்சம் அப்படியே இருக்கும். அதைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசே வராது. ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தேன். பாட்டிலில் இருந்தால் டானிக், அட்டையில் இருந்தால் மாத்திரை. என் வைத்திய அறிவு அவ்வளவுதான். ஆனால் லாட்ஜில் யார் தும்மினாலும் என்னைத்தான் தேடுவார்கள். "டாக்டரம்மா வந்தாச்சுங்க, எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்று சமையல்காரர் கிண்டல் பண்ணுவார். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது. படித்தது ஆறாங்கிளாஸ், பட்டம் மட்டும் டாக்டர்!

வீட்டில் மூன்றே பேர். நான், எஸ்டேட் லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர், அப்புறம் மாமனார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனாருக்கு எழுபது வயதிருக்கும். அந்த வயதிலும் ஆரஞ்சு மரத்தடியில் களை எடுத்துக்கொண்டிருப்பார். மருமகள் மாமனார் முன்னால் உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்று சொல்லித்தான் என் அம்மா என்னை அனுப்பி வைத்தார். நானும் நாலு வருஷமாக அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தால் அவர் மூலமாகப் பேச்சு நடக்கும். அவர் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டால் வீட்டுப் பூனைதான் தூதுவர். "காப்பி ஆறுது" என்று நான் பூனையிடம் சொல்வேன். மாமனார் வந்து எடுத்துக் குடிப்பார். "உப்புக் கொஞ்சம் கம்மி" என்று அவரும் பூனையிடம்தான் சொல்வார். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்கள். எங்களுக்கு அது பழகிப் போயிருந்தது.

அந்த வாரம் விடாத தூறல். என் வீட்டுக்காரர் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் போயிருந்தார். மாமனாருக்குச் சளி பிடித்துக்கொண்டது. மூக்கு ஒழுகுகிறது, இருமல், உடம்புச் சூடு. விடுவேனா நான்? டப்பாவைத் திறந்தேன். மூக்கு ஒழுகுவதற்கு மஞ்சள் மாத்திரை, இருமலுக்குச் சிவப்பு டானிக், நெஞ்சுச் சளிக்குப் பச்சை டானிக். ஒவ்வொரு தொந்தரவுக்கும் ஒவ்வொரு மருந்து, அதுதானே முறை என்று நினைத்தேன். வேளைக்கு மூன்று மருந்து, நாளைக்கு மூன்று வேளை. மூடியெல்லாம் இல்லை, குழம்புக் கரண்டியில்தான் ஊற்றி வைப்பேன். அவரும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிடுவார்.

முதல் நாள் நன்றாகத் தூங்கினார். சரி, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் ஒரு மாதிரி மந்தமாக இருந்தார். நாக்கு வறண்டு பேச்சே சரியாக வரவில்லை. சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்தபோது மத்தியானத்துக்கு வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது. காப்பியும் வேண்டாம் என்றுவிட்டார். சளி உள்ளே இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து, படுக்கும்போது இன்னும் ஒரு கரண்டி சேர்த்துக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமனார் தூறலில் கொல்லைப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். நாலு தடவை, ஐந்து தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் பின்ன நடந்து வந்தார். "என்னவாம்?" என்று வழக்கம்போல் பூனையைக் கேட்டேன். எட்டிப் பார்த்தால், சவுக்கு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்கிறார். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை.

எனக்கு அம்மா சொன்னதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். "மாமா, என்னாச்சுங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல கண்ணு. உனக்கு ஜீப்புக்கு நேரமாச்சு, நீ போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஈர வேட்டிக்கு மேலே வயிறு பந்து மாதிரி உப்பி நின்றது. என் சித்தப்பாவுக்கு ஒரு தடவை இப்படி ஆகிப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். "ஒண்ணுக்குப் போகலீங்களா?"

அவ்வளவுதான், அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. "நேத்துப் பொழுது சாஞ்சதுல இருந்து ஒரு சொட்டு எறங்கல சாமி. உசுரே போவுது. உன்ற கிட்ட இதை எப்படிச் சொல்றது?"

கையைப் பிடித்து ரோட்டுக்கு நடத்தி வந்தேன். ஜீப்பில் எள் விழ இடமில்லை. நான் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் தாங்களாகவே இறங்கி அந்தத் தூறலில் நின்றுகொண்டார்கள். "பாத்துக் கூட்டிட்டுப் போங்க, நாங்க அடுத்த வண்டியில வர்றோம்" என்றார்கள். அவர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரோடு பூராவும் குழி. ஒவ்வொரு குழிக்கும் டிரைவர் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாமனார் என் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்குக் கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோய் ரப்பர் குழாய் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டாக்டர் வெளியே வந்தார். நடுவயது அம்மா. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். கிளம்பும் அவசரத்தில் மூன்றையும் எதற்கோ பைக்குள் போட்டிருந்தேன். எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் மூன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ் படிப்பியாம்மா?" என்றார்.

"எழுத்துத் தெரியுங்க, அர்த்தம் தெரியாதுங்க."

"எழுத்தே போதும். இந்தப் பேரு மத்த ரெண்டுலயும் இருக்கான்னு தேடிப் பாரு" என்று சிவப்புப் பாட்டிலில் பொடி எழுத்தாக இருந்த ஒரு நீளமான பெயரைக் காட்டினார். நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். பச்சைப் பாட்டிலில் அதே பெயர் இருந்தது. மாத்திரை அட்டையைத் திருப்பினேன். அங்கேயும் அதே பெயர்! பாட்டிலின் நிறம் வேறு, கம்பெனிப் பெயர் வேறு, உள்ளே இருந்த மருந்து ஒன்றுதான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்தச் சளி மருந்துகள் எல்லாமே கலவை. ஒரே பாட்டிலில் மூன்று நாலு மருந்து சேர்ந்திருக்கும். ஒழுகுகிற மூக்கை நிறுத்தும் மருந்து இந்த மூன்றிலுமே இருக்கிறது. ஒரு பங்கு கொடுக்க வேண்டிய இடத்தில் மூன்று பங்கு போயிருக்கிறது, கரண்டியில் ஊற்றியதால் அதற்கும் மேலேயே போயிருக்கும். வயதான ஆண்களில் சிலருக்கு நீர் போகும் வழி ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அவர்களுக்கு இந்த மருந்து ஒரு பங்கே ஆகாது, சுத்தமாக அடைத்துவிடும். "இன்னும் நேரமாகியிருந்தா கிட்னி வரைக்கும் போயிருக்கும். இதையே ஒரு கைக்குழந்தைக்குக் குடுத்திருந்தா எந்திரிச்சே இருக்காது" என்றார். போன மாசம்தான் லாட்ஜ் வாட்ச்மேன் சம்சாரம் தன் கைக்குழந்தைக்குக் கேட்டிருந்தாள். அன்றைக்கு டப்பா வீட்டில் இருந்ததால் கொடுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்ததும் நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போனோம். "ஏம்ப்பா பெரியவரே, மருந்து ஒத்துக்கலைன்னு ரெண்டாம் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, அப்புறம் எதுக்குக் குடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

மாமனார் என் பக்கம் பார்க்காமலே சொன்னார். "புள்ள வேலையும் பாத்துப்போட்டு வந்து, நொம்பப் பாசமாக் குடுக்குதுங்க. வேண்டாம்னு சொன்னா மனசு நோகுமுங்களே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார் என்றெல்லாம் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாமனாருக்கு என்னைத் தேற்றுவதா, டாக்டரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. "அழுவாத சாமி. உன்ற மேல தப்பே கெடையாது. எனக்கு ரெண்டு வருசமாவே செரமந்தான். ராத்திரிக்கு நாலு வாட்டி எந்திரிச்சுப் போவேன், நின்னு நின்னுதான் வரும். உங்க அத்தை இருந்திருந்தா அவகிட்டச் சொல்லியிருப்பேன். ஊட்டுல வேற யாருகிட்டச் சொல்ல?" என்றார்.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வருஷம்! மறுநாள் சாயந்திரம் என் வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் அப்பாவின் காலடியில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டார். பிறகு சேலத்துக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தோம். அதற்கப்புறம் மாமனார் ஒன்பது வருஷம் நன்றாக இருந்தார்.

இப்போது எனக்கே பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். மருந்துக்கடையில் சளி மருந்து வாங்கினால் பொடி எழுத்தைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லி, வேறு எதனோடும் சேரலாமா என்று கேட்டுத்தான் வாங்குவேன். யாராவது வயதானவர் இருமினால், "ஒண்ணுக்குச் சரியாப் போகுதுங்களா?" என்று கூச்சமில்லாமல் முதலில் கேட்டுவிடுவேன். பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் போனதைக்கூட என் அறியாமை என்று மன்னித்துக்கொள்கிறேன், பக்கத்திலேயே இருந்த மனுஷனிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு நாலு வருஷம் ஆனதைத்தான் இன்றைக்கும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.