ஜாவாக் கோயிலின் பின்னறை

1. முதல் நாள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். வேலையில் பிழை என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை.

சண்டை முடிந்து, கற்பிட்டிப் பக்கம் வெளிநாட்டுக்காரர் டொல்பின் பார்க்க வரத் தொடங்கிய காலம் அது. பாலாவிச் சந்தி தாண்டிக் கற்பிட்டிக்குப் போகிற ரோட்டில், களப்பு என்கிற உப்பங்கழியின் ஓரக் காணி ஒன்றில் ஹாஜியார் ஒரு பூங்கா கட்டினார். கடல் கடந்த நாடுகளில் இருக்கிற நம்முடைய கோயில்களைச் சின்னதாகச் சீமெந்தில் கட்டி நிறுத்தியிருந்தார். ஜாவாக் கோயில், கம்போடியாக் கோயில், பாலித் தீவில் தண்ணீருக்கு நடுவே நிற்கிற கோயில் என்று எல்லாமே இடுப்பளவு உயரம். வாசல் என்றால் ஒரு கை நுழையும்.

ஹாஜியார் மன்னார்க்காரர். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றியபோது குடும்பத்தோடு கரைத்தீவுப் பக்கம் வந்து குடியேறியவர். தேங்காய்த் தும்பு வியாபாரம். அது விஷயமாக ஜாவாவுக்குப் போய்வருவார். அங்கே ஒரு பூங்காவில் ஒரு நாட்டையே சின்னதாகக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்தான். கழுவித் துடைத்துக் கூட்ட ஒரு ஆள் தேவையென்று கேள்விப்பட்டு, என் ஊர் உடப்பிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

முதல் நாளே என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார்.

"பாஞ்சாலியக்கா, ஒரு கதை சொல்றன், நல்லாக் கேட்டுக்குங்க. இது கோயில் இல்ல, கண்காட்சி. உள்ளுக்க சாமி இல்ல. ஆரும் வைக்க வந்தாலும் விடாதீங்க."

"ஏன் ஹாஜியார், சாமி வந்தா உங்களக் கடிச்சிடுமா?"

"சாமி கடிக்காது. ஆனா இந்த நாட்டுல ஒரு இடத்தில ஒருக்கா சாமி இருந்துட்டா, அந்தக் காணி பிறகு சாமிக்குத்தான். எழுப்ப ஏலாது. ஒருக்கா காணி பூமிய விட்டுட்டு உடுத்த உடுப்போட வந்தவன் நான். இதையும் விட்டுட்டு இனி எங்க போற?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை. நான் ஓம், சரி என்றேன். நான் ஓம் என்றால் ஓம்தான்.

2. துடைக்கும் முறை

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். களப்புக் காற்றில் உப்பு வரும். உப்புப் பூத்தால் சீமெந்து பொருக்குப் பொருக்காக உதிரும். ரோட்டில் லொறி கிளப்புகிற தூசு அதன்மேல் அப்பும். கிணற்றுத் தண்ணீர் உவர், அதைத் தொடக்கூடாது. பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, உச்சியில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். கீழே தொடங்கி மேலே போகிறவள் மத்தியானம் வரை ஒரே கோயிலைத்தான் துடைத்துக்கொண்டிருப்பாள்.

ஜாவாக் கோயிலின் மேலடுக்கில் மேசன் கவனியாமல் விட்ட ஒரு கம்பி முனை இருந்தது. துணி அதில் மாட்டும். கண்ணை மூடிக்கொண்டு துடைத்தாலும் எந்த இடத்தில் மாட்டும் என்று கைக்குத் தெரியும்.

வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிற வேலையும் கொஞ்சம் கொஞ்சமாக என் தலையில் விழுந்தது. தமிழில் சொல்வேன், சிலாபப் பக்கத்து ஆட்கள் வந்தால் சிங்களத்திலும் சொல்வேன்.

"செருப்போட வரலாமா அம்மா?" என்று கேட்பார்கள்.

"வரலாம். கோயில் இல்லத்தானே."

"அப்ப நீங்க ஏன் வெறுங்கால்ல நிக்கிறீங்க?"

"அது என்ட கால்."

கொழும்பிலிருந்து வந்த ஒரு ஐயா மட்டும், எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க ஜாவாக்குப் போயிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எப்பிடித் தெரியும்?" என்றார். "துடைச்சுத் தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதை ஹாஜியாரின் மனைவி ஆயிஷா லாத்தாவிடம் சொன்னேன். அவருக்கு முழங்கால் வருத்தம், தனியாக நடக்க ஏலாது. அடுத்த தடவை ஹாஜியார் ஜாவாவுக்குக் கூப்பிட்டபோது லாத்தா சொல்லிவிட்டார்:

"பாஞ்சாலி வந்தா நான் வாறன். இல்லாட்டி நீங்களும் உங்கட தும்பும் போங்க."

அப்படித்தான் நான் விமானம் ஏறினேன்.

3. மேலே இருந்து பார்த்தவள்

ஜாவாவில் இறங்கிக் கோயிலடிக்குப் போய் நின்றோம். கறுத்த கல். அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். நான் அங்குமிங்கும் தேடினேன்.

"நம்மட கோயில் எங்க ஹாஜியார்?"

"முன்னுக்கு நிக்கிதே அக்கா! இதுதான்!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் கையால் துடைத்த கோயில் இதுவாக இருக்க முடியாது என்றே பட்டது. பிறகுதான் விளங்கியது. நான் இத்தனை காலமும் அதன் தலையைத்தான் பார்த்திருக்கிறேன். அதன் காலடியில் ஒரு நாளும் நின்றதில்லை.

படியேறினோம். நடு அறையில் சிவன் நிற்கிறார். சுற்றிப் பின்பக்கம் போனால் இருட்டான ஒரு அறை. கண் பழகியதும் பார்க்கிறேன், தொந்தியும் தும்பிக்கையுமாக நம்முடைய பிள்ளையார் இருக்கிறார். பூ இல்லை, விளக்கு இல்லை. வெளிநாட்டில் தனியாக இருக்கிற சொந்தக்காரனைக் கண்டதுபோல எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு. கையில் ஈர்க்குமாறு, நம்மூரில் தென்னோலை ஈர்க்கில் கட்டுகிற அதே கட்டு. ஹாஜியாருக்கு அந்தப் பாசை கொஞ்சம் வரும். கதை கொடுத்தார்.

"முஸ்லிமாம் அக்கா. இவட உம்மாவும் இங்கதான் கூட்டினவவாம்."

"பூசை இல்லையாமா, கேளுங்க."

கேட்டார். அவள் சொன்னதைச் சிரித்தபடி எனக்குச் சொன்னார். "விசேஷ நாளுக்குப் பெரிய ஆக்கள் வந்து செய்வாங்களாம். மத்த நாளெல்லாம் அவர் இவட பொறுப்பாம்."

நான் கையை நீட்டினேன். அவள் ஈர்க்குமாற்றைத் தந்தாள். பிள்ளையாருக்கு முன்னால் இரண்டு இழுப்பு இழுத்தேன். நான் பிடித்த பிடியைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் அப்படித்தான் பிடித்திருந்தாள். ஆயிஷா லாத்தா படியில் உட்கார்ந்தபடி, "போதும் பாஞ்சாலி, இங்கயும் சம்பளம் கேட்கப் போறாய்" என்றார்.

திரும்பி வரும்போது விமானம் எழும்பி ஒரு பக்கம் சாய்ந்தது. ஜன்னலால் கீழே பார்த்தேன். அந்தக் கோபுரங்கள் இடுப்பளவாகி, முழங்காலளவாகி நின்றன. அப்போதுதான் அதை எனக்கு அடையாளம் தெரிந்தது. கம்பி முனை இருக்க வேண்டிய இடம்கூடத் தெரிந்தது. கை தன்பாட்டில் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தது. இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் காட்சிதான் முதலில் வரும்.

4. பின்னறையில் ஒருவர்

வந்த பிறகு என் வாயைப் பிடிக்க ஏலாது. வருகிற எல்லோருக்கும், "பார்த்திட்டு வந்துதான் சொல்றன், பின்னறையில நம்மட பிள்ளையார் இருக்கார்" என்று சொல்வேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி காளியம்மா. உடப்பில் எங்கள் அடுத்த தெரு, எனக்கு மச்சாள் முறை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை வருவாள். மற்ற ஒன்றையும் பார்க்க மாட்டாள். ஜாவாக் கோயிலடியில் மட்டும் நிற்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் துணியும் வாளியுமாகப் போனேன். உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கிப் பின்பக்கம் வந்தால், பின்னறைக்குள் ஒரு பிள்ளையார். உள்ளங்கை அளவு கருங்கல். குங்குமம் வைத்து, ஒரு செவ்வரத்தம்பூ சாத்தியிருந்தது. கற்பூரம் எரித்த கரி சுவரில் இருந்தது. முந்தின நாள் பூட்டுகிற நேரத்தில் வைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் கூட்டமாக வருவார்கள். கண்டால் தேங்காய் உடைப்பார்கள். பின்னேரத்துக்குள் உண்டியல் வந்துவிடும். பிறகு ஹாஜியாரின் காணி ஹாஜியாருக்கு இல்லை. நான் கேற்றைப் பூட்டினேன்.

முதல் பஸ்ஸில் காளியம்மாதான் வந்தாள். அவளை மட்டும் உள்ளே விட்டேன்.

"மச்சாள், நீதானே?"

"நான்தான். இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

"ஆரக் கேட்டு வச்சாய்?"

"நீதானே சொன்னாய், பின்னறையில பிள்ளையார் இருக்கார்னு. வந்து பார்த்தா இல்ல. வச்சன்."

"அடி விசரி, அது ஜாவாவுல!"

"என்ட மகனும் அங்கதானே."

அவள் மகன் ரவி, அவுஸ்திரேலியாவுக்கென்று சிலாபப் பக்கம் படகேறிப் போனவன். போய் மாதக்கணக்காகியும் ஒரு கதையும் இல்லை. படகை ஜாவாப் பக்கம் கட்டி இழுத்துக்கொண்டு போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்துதான் அவள் இந்தக் கோயிலடியில் வந்து நின்றிருக்கிறாள். எனக்குத்தான் அதுவரை அது விளங்கவில்லை.

"எனக்கு அங்க போக வழியில்ல பாஞ்சாலி. இங்க வச்சா அங்க இருக்கிற பிள்ளைக்குத் துணையா இருப்பார்னு நினைச்சன். எடுக்காத."

அந்த நேரம் ஹாஜியாரின் வான் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். நான் கையை நீட்டி, "எடுத்துடுறன் ஹாஜியார்" என்றேன்.

"கொஞ்சம் நில்லுங்க." காளியம்மாவைப் பார்த்துக் கேட்டார், "ஏன் தங்கச்சி வச்சீங்க?"

அவள் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். ஹாஜியார் களப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்.

"எங்கள எழும்பச் சொன்ன நாள் வாப்பா கஞ்சி குடிச்சிட்டு இருந்தவரு. கோப்பையக் கீழ வைக்கவும் விடல்ல. ஒருத்தர எழுப்பி அனுப்புறது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும் அக்கா. இவர அப்பிடி அனுப்பாதீங்க."

"அப்ப இருக்கட்டுமா?" என்றாள் காளியம்மா.

"இருக்க ஏலாது தங்கச்சி. அதையும் சொல்லிடுறன். இந்தக் காணி போனா எனக்குப் போக்கிடமில்ல." பிள்ளையாரைக் காட்டி, "இவர் எங்க போகணும்? ஜாவாக்குத்தானே? அடுத்த மாசம் நான் போறன். கொண்டுபோறன்" என்றார்.

காளியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க சாமி தூக்குவீங்களா ஹாஜியார்?"

"கும்பிடச் சொன்னா மாட்டன். கொண்டுபோகச் சொன்னா கொண்டுபோவன். இது அமானிதம். ஒருத்தர் நம்பித் தந்த சாமான். கொண்டுபோய்ச் சேர்க்காட்டி நாளைக்கு அல்லாஹ்க்கு முன்னால பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்."

காளியம்மா வாசலிலிருந்து விலகி நின்றாள். எடு என்று சொல்லவில்லை. விலகி நின்றாள், அவ்வளவுதான்.

5. வழியனுப்பு

காவல்கார அறை அடுப்பில் சர்க்கரைப் புக்கை பொங்கினேன். படைத்தோம். காளியம்மா பிள்ளையாரைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு ஹாஜியாரின் வான் வண்டியில் ஏறினாள். அதற்குப் பிறகுதான் கேற்றைத் திறந்தேன். "என்ன இவ்வளவு சுணக்கம்?" என்று வெளியே நின்ற பெண்கள் சத்தம் போட்டார்கள். "துடைப்பு வேலை" என்றேன். பொய்யில்லை. சுவரில் இருந்த கற்பூரக் கரியைத் துடைத்துவிட்டுத்தான் திறந்தேன்.

பயணம் வரும்வரை பிள்ளையார் என் வீட்டு அலுமாரிக்கு மேல் இருந்தார். போகிற நாளில் ஹாஜியார் ஒரு துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஆயிஷா லாத்தா சும்மா விடவில்லை.

"ஹஜ்ஜுக்குக் கொண்டுபோன பேக். இப்ப அதுல பிள்ளையார் போறார்."

"பேக்குக்கு என்னடி மதமும் மார்க்கமும்?" என்றார் ஹாஜியார்.

திரும்பி வந்தபோது போனில் ஒரு படம் காட்டினார். அந்தக் கூட்டுகிற பெண்ணிடம் கேட்டிருக்கிறார். பாலித் தீவிலிருந்து வந்து கோயிலுக்குக் கிட்ட கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்திடம் அவள் கூட்டிப்போயிருக்கிறாள். அவர்கள் வீட்டு முற்றத்தில், சின்ன மாடம் ஒன்றில், மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நம்முடைய பிள்ளையார் இருந்தார். முன்னால் ஓலையில் பின்னிய சின்னப் பெட்டியில் பூ. காளியம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மகன் எங்கேயாவது பின்னால் நிற்கிறானா என்று தேடுவதுபோல இருந்தது.

ரவி பிறகு வந்து சேர்ந்தான். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெலிந்து, கறுத்து, உயிரோடு வந்தான். அம்மாக்காரி அவனைக் கையில் பிடித்துக்கொண்டு பூங்காவுக்கு வந்து, "பார் மகன், இதுதான் நீ இருந்த ஊர்க் கோயில்" என்று காட்டினாள்.

"ஜாவாவா? நான் அந்தப் பக்கமே போகல்லயே அம்மா. எங்கள வேற ஒரு தீவுலயில்லவா வச்சிருந்தாங்க."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காளியம்மாவைப் பார்த்தேன். அவள் அசையவே இல்லை.

"அதனால என்ன? கொஞ்சம் தள்ளி இருந்து பார்த்திருக்கார்."

இப்போது என் முழங்காலும் லாத்தாவின் முழங்கால் மாதிரி ஆகிவிட்டது. வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். ஹாஜியாரின் பிள்ளைகள்தான் பூங்காவைப் பார்க்கிறார்கள். காணி அவர்களுடையதாகவே இருக்கிறது. இத்தனை வருட வேலையில் நான் படித்தது ஒன்றுதான். ஒருவரை இருக்கச் சொல்ல வழியில்லாத இடம் வரும். அப்போதும் சாப்பிடக் கொடுத்து, போய்ச் சேருகிற இடம்வரை கொண்டுபோய் விட வேண்டும். அதை எனக்குக் காட்டியவர் அப்படி ஒரு வழியனுப்பு கிடைக்காத மனிதர்.

போன மாதம் ஒரு நாள் பூங்காவுக்குப் போயிருந்தேன். புதிதாகத் துடைக்கிற பிள்ளை, "அம்மா, பின்னறையில பிள்ளையார் இருக்கிறதாச் சொல்றாங்க, காலியாயிருக்கே?" என்று கேட்டது.

"வெளிநாடு போயிருக்கார்" என்றேன். "நம்மூர்ல இருந்து படகு ஏறாம, பிளேன்ல, ஆக்கள் நின்று வழியனுப்பப் போனவர்."

சொல்லிவிட்டு மேலடுக்கில் கையை வைத்துப் பார்த்தேன். கம்பி முனை இன்னும் அங்கேதான் இருக்கிறது.