பெரியப்பா ஏன் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்

பேய் என்றாலே சிரிக்கிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது.

என் தம்பி பஸ் டிரைவர். வயது இருபத்தொன்பது. போன வருடம் அவன் நடை தள்ளாட ஆரம்பித்தது. குடித்துவிட்டு வருகிறான் என்று டிப்போவில் நிறுத்திவிட்டார்கள். அவனா குடிப்பான்? சோடாவுக்கே முகம் சுளிப்பவன்! பிறகு பேச்சும் குழறியது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான்.

"பரம்பரையா வர்றதா இருக்கலாம்," என்றார் டாக்டர். "குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சான்னு விசாரிங்க. அப்பதான் எந்த டெஸ்ட்டுன்னு முடிவு பண்ண முடியும். உங்களுக்கும் வரலாம்மா. உங்க பையனுக்கும்."

என் பையனுக்கு ஆறு வயது. 

இரண்டு மாதம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். என்ன ஜென்மங்களோ! ஒருத்தர் என் குரல் தெரிந்தும் "ராங் நம்பர்" என்றார். ஒரு மாமி, "பழசை ஏன்டி கிண்டுற? பையனுக்கு இப்பவே பொண்ணு பாக்குறியா?" என்று சிரித்தாள். சமையலறைச் சுவரில் வம்ச மரம் வரைந்து ஒட்டியிருந்தேன். அதன்படி எல்லோரும் கல்லுக்குண்டு. அப்பா மட்டும் முப்பத்திரண்டு வயதில் விபத்தில் போனவர். அவர் கூடப் பிறந்தது பெரியப்பா ஒருவர்தான்.

கடைசியில் அவர் வீட்டுக்கே போனேன். மாடி வீடு. கீழே தனியாக இருக்கிறார்.

"நம்ம குடும்பத்துல அப்படி யாருமே இல்லம்மா."

"பெரியப்பா, தம்பி படுக்கையில விழப் போறான்."

"இல்லைன்னா இல்ல."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மணி ஆறு. அவர் டிவியைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

அப்போதுதான் அது கேட்டது. மாடியில்...

டொக்... சர்ர்ர். டொக்... சர்ர்ர்.

தம்பியின் நடை! இழுத்து இழுத்து, அதே நடை.

"மேல யாரு?"

"யாருமில்ல." மறுபடியும் சத்தம் கூடியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தேன். வீடு அமைதியானது.

டொக்... சர்ர்ர்.

நேராக என் தலைக்கு மேல் வந்து நின்றது.

பெரியப்பா கூரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "போதும்... உக்காரு."

நான் படியேறினேன். வெளித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. திறந்தேன். காலி அறை. தரையில் விரல் கனத்துக்குத் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

சுவரில் மட்டும், இடுப்பு உயரத்தில், அறையைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. கை தேய்ந்து தேய்ந்து விழுந்த அழுக்கு.

என் பின்னால் சத்தம்.

உள்ளங்கை சுவரில் உரசும் சத்தம்.

சர்ர்ர்...

மூலையில் திரும்பியது. என் பக்கம் வந்தது.

நின்றது.

காதருகில் மூச்சு. ஏதோ சொல்ல வாய் திறந்த மாதிரி...

கீழே டிவி அலறியது. பெரியப்பா மறுபடியும் போட்டுவிட்டார்.

நான் படியில் விழுந்தடித்து ஓடி வந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். "உனக்கு ஒரு அத்தை இருந்தா. இதே நோய்தான். இருபத்தஞ்சு வயசுல ஆரம்பிச்சுது. உங்கப்பனுக்குச் சம்பந்தம் பேச வந்தவங்களுக்கு அவ நடக்குற சத்தம் கேட்டுடக் கூடாதுன்னு ரேடியோவைச் சத்தமா வெச்சோம். அன்னைக்கு மாடியில விழுந்து கூப்பிட்டிருக்கா. யாருக்கும் கேக்கல. போய்ப் பாக்கும்போது உயிரில்ல."

டாக்டரிடம் சொன்னேன். டெஸ்ட் எடுத்தார்கள். தம்பிக்கு அதே நோய்தான். சில வாரம் கழித்து என் ரிசல்ட்டும் வந்தது. எனக்கும் இருக்கிறது. இன்னும் வெளியில் தெரியவில்லை, அவ்வளவுதான். பையனுக்கு இப்போது டெஸ்ட் எடுக்க மாட்டார்களாம். பெரியவனாகி அவனே முடிவு செய்யட்டுமாம். அதுவரை நான் எப்படி இருப்பது?

நேராகப் பெரியப்பாவிடம் போய்க் கத்தினேன். "முன்னாடியே வாயைத் திறந்திருந்தா நாங்க சுதாரிச்சிருப்போமே! எனக்கும் இருக்கு, தெரியுமா?"

அவர் அதிரவே இல்லை.

"தெரியும்மா."

"எப்படி?"

"அவ கூப்பிடுறா. சாயங்காலமானா கூப்பிடுறா. முதல்ல உங்கப்பன் பேரு. உனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது உன் பேரு. அப்புறம் தம்பி பேரு. என்னைக் கூப்பிட்டதே இல்ல. எனக்கு அந்த நோயும் இல்ல."



"அதான் டிவியைச் சத்தமா வைக்கிறேன். போன வாரத்துலேருந்து புதுசா ஒரு பேரு. நம்ம வீட்டுல அப்படி யாருமே இல்லையே..." என்றார். "அது யாரும்மா, டும்முக்குட்டி?"

தூங்க வைக்கும்போது, காதோடு, நான் மட்டும் என் பையனைக் கூப்பிடும் பெயர் அது.