பின்வாசல் வழியாக

காரைத் தேவாலயத்துப் பக்கமாக நிறுத்திவிட்டு, மிச்சத் தூரத்தை எதிர்காற்றில் நடந்தே போகிறார் வுப்போ. அவருடைய நீலக் கார் ஒரு வீட்டு வாசலில் நின்றால் போதும், அங்கே யார் செத்தார், எப்படிச் செத்தார் என்பது ரொட்டிக்கடை வரைக்கும் போய்விடும். துக்க வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஆனால் ஆறடிக்கு மேல் உயரம், காதை மூடிய கம்பளிக் குல்லாய், கையில் கறுப்புப் பை என்று கால்வாய்க் கரையோரம் ஓர் ஆள் நடந்து போனால் ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? அவருக்கு மட்டும்தான் இது இன்னும் தெரியாது.

வுப்போ டைகெமா நகராட்சியின் பிணப் பரிசோதகர். இந்த நாட்டில், தீராத வேதனையில் கிடப்பவர் கேட்டுக்கொண்டால், சட்டம் சொன்ன வழியில் மருத்துவரே மருந்து செலுத்தி அவர் உயிரை முடித்துவைக்கலாம். முடித்த கையோடு அந்த மருத்துவர் வுப்போவை அழைத்தாக வேண்டும். வுப்போ வந்து உடலைப் பார்ப்பார். அரசு வக்கீலுக்குப் போன் செய்து அடக்கத்துக்கு அனுமதி கேட்பார். காகிதங்களை மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்புவார். மருத்துவர் செய்தது சரியா தவறா என்று வாரக்கணக்கில் படித்துச் சொல்வது அந்தக் குழுவின் பாடு. வுப்போவின் பாடு பார்ப்பது, பார்த்ததைச் சொல்வது.

எந்த வீட்டிலும் முன்வாசல் மணியை அவர் அடித்ததில்லை. இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் முன்கதவு கல்யாணப் பெண்ணுக்கும் சவப்பெட்டிக்கும் மட்டும்தான் திறக்கும். மற்ற எல்லாரும் பின்வாசலில் சேற்றுக் காலணியைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் வருவார்கள், போவார்கள், மறுபடி வருவார்கள். வுப்போவும் காலுறையோடு அப்படித்தான் நுழைகிறார். காபி கொடுத்தால், "முதல்ல அவரைப் பாத்துடறேன், அப்புறம் குடிக்கிறேன்" என்பார். அறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கிடப்பவருக்குப் பேர் சொல்லி வணக்கம் வைப்பார். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அது கேட்கும் என்று அவர் நினைப்பதில்லை.

பிறந்தநாள் விருந்துகளில் எல்லாரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்காரும்போது, அவருக்குப் பக்கத்து நாற்காலிதான் கடைசியாக நிரம்பும். "என்னை அப்படிப் பாக்காதய்யா வுப்போ, எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்று யாராவது தொடங்கிவைப்பார்கள். "உன்னை யாரு பாத்தா? உன் தட்டுல இருக்கிற கேக்கைத்தான் பாத்தேன்" என்பார் இவர். சிரிப்பு அடங்கியதும் தோட்டத்தைப் பற்றிப் பேச்சை மாற்றுவார். அவர் வளர்க்கும் வெங்காயத்தாள் கை பருமனுக்கு வரும். "இன்னும் மோசமா இருந்திருக்கலாம்" என்பார்கள். அதற்கு மேல் யாரையும் புகழும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை.

போன மாதம் பனியும் மழையுமாகக் கொட்டிய ஒரு மதியம், ஹார்கோவின் வீட்டுப் பின்வாசலில் காலணியைக் கழற்றினார். பக்கத்தில் ஹார்கோவின் மரக்காலணிகள் கிடந்தன. ஹார்கோவுக்குத் தொண்டையில் புற்று; அவர் கேட்டுக்கொண்டபடி சற்று முன்புதான் எல்லாம் முடிந்திருந்தது. சமையலறையில் ஹார்கோவின் மனைவி யான்டினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், யாருக்கு என்று அவளுக்கே தெரியாது. மருத்துவர் ரென்ஸ்கே சின்னப் பெண். கண் சிவந்து, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"வணக்கம் ஹார்கோ, நான்தான் வுப்போ" என்று சொல்லிவிட்டுப் போர்வையை விலக்கினார். ஹார்கோவின் கையில் மருந்து செலுத்திய ஊசி இல்லை. அது இருந்த இடத்தில், பேரப்பிள்ளைக்கு வாங்கியது போலும், கரடி படம் போட்ட பிளாஸ்திரி. அதற்கடியில் ஒரு துளை, சற்று மேலே இன்னொன்று. பரிசோதகர் வந்து பார்க்கும்வரை ஊசி கையிலேயே இருக்க வேண்டும். செலுத்தப்பட்டது என்ன, எந்த வழியாக என்பதற்கு அதுதான் கண்கண்ட சாட்சி. வுப்போ கதவைத் திறந்தார்.

"ஊசி எங்கம்மா?"

"கையிலதான் இருந்துச்சு" என்றாள் ரென்ஸ்கே. "முதல்ல குத்தினப்ப நரம்பு கிடைக்கல, ரெண்டாவதாத்தான் கிடைச்சுது. முடிஞ்சதும் உங்களுக்குப் போன் பண்ணக் காருக்குப் போனேன். அங்கேயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். எனக்கு இதுதான் முதல் தடவை."

யான்டினா கத்தியைக் கீழே வைத்தாள். "நான்தான் எடுத்தேன். எத்தனை மாசமா அந்த உடம்புல எதையாவது குத்திக்கிட்டே இருந்தாங்க. செத்த பிறகாவது சும்மா கிடக்கட்டும்னு எடுத்துட்டேன். ஏன், எடுக்கக்கூடாதா?"

"நான் வர்ற வரைக்கும் விட்டிருக்கணும்."

"எடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போக மறந்துட்டேன்" என்று ரென்ஸ்கே முகத்தை மூடிக்கொண்டாள்.

யான்டினா அவளைப் பார்த்தாள், வுப்போவைப் பார்த்தாள். "அவரு கெஞ்சிக் கேட்டதைச் செஞ்ச பொண்ணு இது. என்னால இதுக்கு ஒண்ணும் வந்துடக்கூடாது. நீங்க பாத்தப்ப ஊசி இருந்துச்சுன்னு சொல்லிடுங்க, வுப்போ."

"அது முடியாது."

"வருஷா வருஷம் உங்க தோட்டத்துக்கு எரு கொண்டாந்து கொட்டினாரே, அவருக்காக இது கூடவா முடியாது?"

"பாக்காததைப் பாத்தேன்னு ஒரு தடவை சொல்லிட்டா, நாளைக்கு இந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு நான் சொல்றதை எவன் நம்புவான்?"

"பெரிய யோக்கியரு!" என்றாள் யான்டினா. மறுபடி கத்தியை எடுத்து, ஏற்கெனவே உரித்த கிழங்கை உரிக்கத் தொடங்கினாள்.

வுப்போ கோட்டைக் கழற்றினார். சமையலறைத் தரையில் மண்டியிட்டு, குப்பைக்கூடையைச் செய்தித்தாளில் கொட்டி, கிழங்குத் தோலையும் காபிச் சக்கையையும் விரலால் விலக்கித் தேடினார். அந்த வயதில், அந்த உடம்போடு மண்டியிடுவது லேசில்லை, மூச்சு வாங்கியது. ஊசி அடியில் கிடைத்தது, குழாயின் ஒரு துண்டோடு. துடைக்காமல் அப்படியே ஓர் உறையில் போட்டுக்கொண்டு, அங்கேயே, அவர்கள் காது கேட்க, நகரத்தில் அரசு வக்கீலுக்குப் போன் போட்டார். ஊசியை மனைவி எடுத்தது, இரண்டு துளைக்கான காரணம், குப்பையில் கண்டெடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். "அந்தம்மா சொல்றதை நான் நம்பறேன். டாக்டர் சொல்றதையும் நம்பறேன்" என்றார்.

அன்று பணியிலிருந்த அரசு வக்கீலுக்கு நம்பிக்கை போதவில்லை. அடக்கத்துக்கு அனுமதி இப்போது இல்லை, உடலை நகரத்துக்குக் கொண்டுவந்து பரிசோதிக்க வேண்டும் என்றார். ஒன்றும் இல்லையென்றால் நாளை திருப்பி அனுப்புவார்களாம்.

யான்டினா கத்தவில்லை. கத்தியிருந்தால் வுப்போவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அடக்கம் வரைக்கும் முன்னறையில வச்சுக்கோ, ஒரு ராத்திரிகூட வெளியில விட்டுடாதேன்னு கேட்டாரு" என்றாள் மெதுவாக. "சரின்னு வாக்குக் குடுத்தேன்."

ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்த ராத்திரி ஹார்கோ வீட்டிலேயே இருந்திருப்பான். அது வுப்போவுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் தன் வேலையை அவர் வெறுத்த நாட்கள் உண்டு; இது அவற்றில் ஒன்று. ஆறிப்போன காபி மேசையில் இருந்தது, கிராம்பு மணக்கும் கேக் துண்டோடு. அதைக் குடிக்கத் தனக்கு உரிமையில்லை என்று தொடாமல் நின்றார்.

வண்டி வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வழக்கப்படி முன்வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து ஹார்கோவைத் தூக்குப்படுக்கையில் மூடிக் கட்டினார்கள். ஒருவன் முன்கதவுத் தாழ்ப்பாளை இழுத்தான். துருப்பிடித்த இரும்பு கிரீச்சிட்டது. அந்தச் சத்தம் கேட்டு யான்டினா சமையலறையிலிருந்து ஓடி வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வுப்போ அந்த ஆளை விலக்கிவிட்டு, பாதி திறந்த கதவை அழுத்திச் சாத்தித் தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டார்.

"பின்பக்கமா" என்றார்.

"அங்க இடுக்கு சார். படி வேற இருக்கு. வண்டி இந்தப் பக்கம் நிக்குது."

"பின்பக்கமா. நாளைக்குத் திரும்பி வர்றவரு."

கால்பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டு, காலுறையோடு பின்னால் பின்னால் நடந்தார். சமையலறை மேசையைச் சுற்றித் திருப்பினார்கள். யான்டினா முன்னால் ஓடிப் பின்கதவைக் காற்றில் அடித்துக்கொள்ளாமல் முதுகால் தாங்கி நின்றாள். படியில் தலைப்பக்கம் பிடித்தவனின் பூட்ஸ் இடறி, ஹார்கோவின் மரக்காலணிகள் மழையில் உருண்டன.

வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய் ஏற்றி, வண்டிக் கதவைச் சாத்தியதும் வுப்போ திரும்பி வந்தார். காலுறை நனைந்து சேறாகியிருந்தது. குனிந்து அந்த மரக்காலணிகளை எடுத்து, தன் கைக்குட்டையால் துடைத்து, பின்வாசலில் அவை இருந்த இடத்திலேயே ஜோடியாக வைத்தார்.