சிஸ்டர் ரெஜினாவுடன் மணப்பாடு வரை

ஜனவரி மாதம் மூன்றாவது சனிக்கிழமை, மதுரையிலிருந்து தூத்துக்குடி வழியாக மணப்பாடு போய்வந்தேன். ஒரே நாள் பயணம்தான். கடற்கரைக் கோவில்களைப் பார்க்க நினைப்பவர்களுக்கு உதவுமே என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். நான் போன காரணம் மட்டும் வேறு.

மதுரையில் நான் பூகோளம் நடத்திய பள்ளியில் சிஸ்டர் ரெஜினா ஆறு வருடம் கணக்கு நடத்தினார். பிறகு அவருடைய துறவற சபை அவரை ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக்குக்கு அனுப்பியது. அங்கே ஒரு சிற்றூரில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியும் விடுதியும் அவர் பொறுப்பு. போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இது மூன்றாவது விடுமுறை. இந்த முறை சபைத் தலைவி முடிவை அவரிடமே விட்டுவிட்டார். இன்னும் ஐந்து வருடம் அங்கே போகலாம், அல்லது மதுரையிலேயே தங்கலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, டீச்சர். அவ மனசு தெரியாம என்னால பதில் எழுத முடியல. நீங்க கூட வந்தா ஏதாவது பேசுவா," என்றார் போனில்.

மாட்டுத்தாவணியில் காலை 5.20க்குப் பேருந்து. டிக்கெட் நூற்று நாற்பத்தைந்து ரூபாய். 8.35க்குத் தூத்துக்குடியில் இறங்கினேன். சிஸ்டர் முந்தின நாளே வந்து அங்குள்ள மடத்தில் தங்கியிருந்தார். இருவரும் பனிமய மாதா கோவிலில் கொஞ்ச நேரம் அமர்ந்திருந்தோம். நான் கத்தோலிக்கர் அல்ல, வேறு கிறிஸ்தவத் திருச்சபையைச் சேர்ந்தவள். ஆனாலும் அந்தப் பீடத்தின் முன்னால் யாருக்கும் கை தானாகக் குவியும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது.

வாடகைக் கார் நாள் முழுவதற்கும் 2,600 ரூபாய். ஓட்டுநர் ஜெபராஜ் அண்ணாச்சி வண்டியை எடுக்கும் முன்பே கேட்டுவிட்டார். "கோயிலுக்கா, சொந்தக்காரங்க வீட்டுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப சாப்பிட வச்சுத்தான் அனுப்புவாவ. நான் சீட்டச் சாய்ச்சு ஒரு தூக்கம் போட்டுக்கிடுதேன்."

மணப்பாடு அறுபது கிலோமீட்டர். முள்ளக்காட்டு உப்பளங்கள், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள், சாகுபுரம் தொழிற்சாலை, காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் சிஸ்டர் மொசாம்பிக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். ஓர் உதாரணம் சொல்கிறேன். போய் இறங்கிய வாரம் அவருக்குப் போர்த்துகீசிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் சாவி, ஜன்னல், மேசை இவற்றைக் கேட்டதும் புரிந்துவிட்டதாம். போர்த்துகீசியரோடு நம் ஊரில் என்றோ வந்து இறங்கிய வார்த்தைகள்தானே. "மூணு வார்த்தைய வச்சு ஒரு வாரம் ஓட்டினேன், டீச்சர். சாவி குடு, ஜன்னலச் சாத்து. வேற பேச்சே கிடையாது."

மழைக்காலத்தில் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது; அப்போது ஜெபமாலை சொல்வார்களாம். இவர் தமிழில் தொடங்க, அந்தப் பிள்ளைகளும் தமிழிலேயே பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். ஒரு முறை விடுதிச் சமையல்காரப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, எண்பது கிலோமீட்டர் மண் சாலையில் இவரே வண்டி ஓட்டிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அந்தக் குழந்தையின் பெயரும் ரெஜினா.

திருச்செந்தூர் தாண்டியதும் குரல் தணிந்தது. "சென்னையில இருக்கிற என் தங்கச்சி பையத் தூக்கினாலே அம்மா, 'எப்பளா வருவ?'ன்னு கேப்பா. மார்க்கெட்டுக்குப் போற மதினிகிட்டகூட கேப்பா. நான் மூணு தடவ ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினேன். மூணு தடவையும் நெத்தியில சிலுவ போட்டதோட சரி, அந்தக் கேள்வி வரல. வீட்டுக்கு வேண்டாம்னு போனவதானே, இவகிட்ட என்ன கேக்கன்னு நினைக்கிறாளோ என்னவோ."

அம்மாவிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். முப்பத்திரண்டு வருடம் கேள்வி கேட்டே பழகிய வாய் இது.

11.30க்கு வீடு. சிஸ்டரின் அம்மா சலேத்தம்மாள் கூனலோடு வாசலுக்கு வந்தார். மதினி அருள்மேரி அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தார். "வாங்க சிஸ்டரே. பதினோரு வருசமா சாமிக்கு வேல பாக்குதீய, இன்னும் அதே செருப்புத்தானா? சம்பளத்தக் கூட்டிக் கேளுங்க."

"கேட்டேன் மதினி. மோட்சத்துல மொத்தமாத் தாரேன்னுட்டார்."

அடுப்படியில் சலேத்தம்மாள் ஊளி மீன் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, ரெஜினா போறப்ப எப்ப திரும்பி வருவான்னு நீங்க ஒரு தடவைகூட—"

மசாலாக் கையாலேயே என் வாயைப் பொத்திவிட்டார். உதடெல்லாம் எரிந்தது. அருள்மேரி சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பை நீட்டினார். "டீச்சரம்மா, தோணிக்காரன் வீட்டுல வந்து அதையா கேப்பிய?"

சிஸ்டரின் அப்பா தோணியில் தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் தோணியின் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போவார். காற்று எப்படி வீசும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தோணி ஏறுகிறவரிடம் திரும்பும் நாளைக் கேட்கக் கூடாது என்பது அந்த வீடுகளின் கண்டிப்பான வழக்கம்.

"முப்பது வருசம் போனாரு," என்றார் சலேத்தம்மாள். "ஒரு தடவ வாயத் தெறக்கல நான். முப்பது வருசமும் வந்து சேந்தாரு."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிஸ்டர், "அது அப்பாவுக்குத்தாம்மா. தோணிக்குப் போற ஆம்பளைகளுக்கு. என்கிட்ட ஏன் கேக்கல?" என்றார்.

"நீ எங்க, மார்க்கெட்டுக்கா போற? கடலத் தாண்டில்லா போற."

"நான் பிளேன்ல போறேன்மா."

"பிளேனு மட்டும் தரையிலயா போவுது?"

அருள்மேரி சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டியதைச் சொன்னார். இங்கேயே இருந்துவிடவா என்றும் கேட்டார்.

சலேத்தம்மாள் கடைசித் துண்டையும் தடவி முடித்தார். "எனக்கு ஒன்னயப் பாக்கணும்னுதான் இருக்கும். அது நீ மதுரையில இருந்தாலும் இருக்கும். அங்கன உள்ள பிள்ளைகளுக்கு யாரு இருக்கா? ஒனக்குப் போவணும்னு இருந்தா போ ஏளா. ஒங்கப்பன நான் கட்டிப் போடல, ஒன்னய மட்டும் கட்டிப் போடுவனா? ஞாயித்துக்கெழம போன் போடு. பூசைக்கு முன்னால போடாத, நான் சேல கட்டிக்கிட்டு இருப்பேன்."

அப்பாவுக்குக் கொடுத்த மரியாதையை அம்மா தனக்கும் கொடுத்து வந்திருக்கிறார் என்பது பதினோரு வருடம் கழித்து சிஸ்டருக்குப் புரிந்தது. அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் குன்றின் மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோவிலுக்கு ஏறினோம். மூன்று பக்கமும் கடல். என் வாய் இன்னும் எரிந்தது. சிஸ்டர் அரை மணி நேரம் முழங்காலில் இருந்தார். நானும் நன்றி சொன்னேன், கேட்கக் கூடாததைக் கேட்க வைத்ததற்காக.

4.15க்குக் கிளம்பினோம். சலேத்தம்மாள் மகள் நெற்றியில் சிலுவை வரைந்தார், வேறொன்றும் சொல்லவில்லை. இந்த முறை சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டார். ஆத்தூர் வருவதற்குள், மொசாம்பிக்குக்கே திரும்புகிறேன் என்று போனில் பதில் எழுதி அனுப்பிவிட்டார். அனுப்பியதும் கொஞ்சம் அழுதார். அண்ணாச்சி எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மணப்பாட்டுக்குத் திருச்செந்தூரிலிருந்து பேருந்து உண்டு. நேரம் நிச்சயமில்லாததால் மூன்று பேர் சேர்ந்தால் காரே நல்லது. குன்றில் மதிய வெயிலில் மணல் சுடும், மாலையில் ஏறுங்கள். யாராவது வீட்டில் சாப்பிடச் சொன்னால் மறுக்காதீர்கள். எனக்கு மொத்தச் செலவு 3,150 ரூபாய். கார் வாடகையும் அதற்குள் அடக்கம், சிஸ்டரை நான் கொடுக்க விடவில்லை.

என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். ஒவ்வொரு முறை பேசும்போதும் எப்போது வருகிறாய் என்றுதான் ஆரம்பிப்பேன். போன வாரம் அதை விட்டுவிட்டு, அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். இருபது நிமிடம் பேசினாள். அவ்வளவு நேரம் அவள் பேசி நான் கேட்டதில்லை. வைக்கும் முன்னால் அவளே, "என்னம்மா, எப்ப வர்றன்னு கேக்கவே இல்ல? உடம்பு சரியில்லையா?" என்றாள்.

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.