மேரி பெயரில் உள்ளே வந்தவன்

இரண்டாயிரத்து ஆறு என்று நினைவு. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. என் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டு ஆண்கள் கப்பலில் இருந்தார்கள். பாரிமுனையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த நான், பழைய பாகங்களை வாங்கிக் கோத்து, தையல் மெஷின் பக்கத்தில் ஒரு சர்வர் வைத்திருந்தேன். பிள்ளைகளின் போட்டோ, வீட்டாரின் குரல் பதிவு எல்லாம் அதில் இருக்கும். மெயிலில் அவ்வளவும் போகாது. கப்பல் எந்த நாட்டில் நின்றாலும், அங்கே மாலுமிகள் விடுதிக் கம்ப்யூட்டரில் இருந்து ரிமோட் லாகின் செய்து, அதாவது தூரத்தில் இருந்தே உள்ளே நுழைந்து, ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஏழு கணக்குகள். மனைவியின் பெயர்தான் கணக்கின் பெயர், அதுவே பாஸ்வேர்டும். ராயபுரத்து மேரியை உலகத்தில் எவனுக்குத் தெரியும் என்று எனக்கு அவ்வளவு தெனாவட்டு.

ஒரு திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன் லாக் ஃபைலைத் திறந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவேடு அது. பக்கம் பக்கமாகத் தோல்வியடைந்த முயற்சிகள். ஜான், லூசி, பீட்டர், ஸ்டெல்லா... எவனோ ஒரு வெளிநாட்டான் அவன் ஊர்ப் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறான். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. கிறிஸ்தவர்கள் நிறைந்த எங்கள் தெருவிலும் அதே பெயர்கள்தானே! நடுவில் ஒரே ஒரு வரி: மேரி, அனுமதி. ஞாயிறு காலை ஒன்பது மணி.

மேரி எதிர் வீடு. முழுப் பெயர் வேண்டாம். எங்கள் பக்கம் எந்தச் சந்தில் கூப்பிட்டாலும் நாலு மேரி திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்குக் குழந்தை பிறந்து பதினெட்டு நாள். கணவர் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய், "நேத்து உன் வூட்டுக்காரரு லாகின் பண்ணாரா?" என்றேன்.

"இன்னாக்கா கேக்குற? அவரு நடுக்கடல்ல கீறாரு. வெள்ளிக்கெழமதான் பிரேசில்ல கரை. அதுவும் ஒரே நாளு."

கதவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் அந்த வெள்ளியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். கப்பல்காரர் வீடுகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு காலண்டர் இருக்கும்.

திருடனேதான். உள்ளே வந்தவன் போட்டோக்களைத் தொடவில்லை. ஆனால் ஒரு புரோகிராமைப் போட்டு, என் வீட்டு மெஷினில் இருந்தே ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கதவுகளையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் செய்தால், "ஒயரைப் புடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருங்க மேடம். வீட்டுல பொம்பளைங்களுக்கு எதுக்கு சர்வர்?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை உசுப்பியது. ஒயரைப் பிடுங்கினேன், ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். லீவு போட்டேன். படங்களையும் குரல்களையும் சிடியில் ஏற்றிவிட்டு, சர்வரில் இருந்த அத்தனையையும் அழித்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து போட்டேன். புதன்கிழமை மற்ற ஆறு பெண்களையும் உட்காரவைத்து, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

மேரி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "கய்தே அவன் வரான்னு நாம இன்னாத்துக்குக் கதவ சாத்திகினு குந்தணும்? கப்பலு கரைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் தொறந்து வுடுக்கா. மத்த நாளுக்குப் பூட்டிப் போடு" என்றாள்.

எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத யோசனை. ஏழு காலண்டர்களையும் பார்த்து ஏழு கணக்குகளுக்கும் நாள் குறித்தேன். கணக்குப் பெயர்கள் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர்களாக மாறின. பாஸ்வேர்ட், புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிந்த ஒரு முழு வாக்கியம். நம்ம பேச்சு, இங்கிலீஷ் எழுத்து. அவர்கள் தட்டும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் ஒரே சிரிப்பு.

வெள்ளி மாலை எல்லோரும் என் வீட்டில் கூடியிருந்தோம். ஐந்தரைக்கு மேரியின் செல்போன் அடித்தது, பிரேசில் விடுதியில் இருந்து அவள் புருஷன். அவள் மூலையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னாள். திரையில் முதல் முயற்சி தோல்வி. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவதும் தவறினால் அன்று முழுக்கக் கணக்கு பூட்டிக்கொள்ளும்படி நானேதான் அமைத்திருந்தேன். அவள் வெட்கத்தை விட்டு, போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகவே சொன்னாள். எங்கள் காதில் விழுந்ததை இன்றுவரை யாரும் வெளியே விடவில்லை.

அனுமதி.

குழந்தையின் போட்டோ அங்கே அவர் திரையில் திறந்தது. அப்புறம் அவர் குரல் எங்களுக்கே கேட்டது: "மூக்கு என்னுதுடி." மேரி அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் லாக் ஃபைலில் அந்தப் பட்டியல்காரன் மறுபடி வந்திருந்தான். ஜான், லூசி, மேரி. எல்லாமே தோல்வி. அடுத்த மாதமும் தட்டினான், அடுத்த வருடமும் தட்டினான். தினமும் காலையில் காபியோடு படித்துவிட்டு, தட்டிக்கொண்டே இரு என்று எழுந்துவிடுவேன். கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் என்று கர்வப்பட்டேன். ஆனால் அவனைக் காட்டிக்கொடுத்ததும் வெளியே நிறுத்தியதும் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஒரு காலண்டர்தான் என்பதை நினைத்தால், யாருக்கும் பயந்து எதையும் மூட எனக்கு இன்றும் மனசு வருவதில்லை.